வாலை வெட்டிய பெயர்கள்

மே மாதம் பிறந்து கடல் அடங்கினால் உப்புவெளியிலும் நிலாவெளியிலும் சீசன். புறாத் தீவுக்குப் படகு கேட்டும் அறை கேட்டும் வெளிநாட்டுக்காரரிடமிருந்து மின்னஞ்சலும் வட்ஸ்அப்பும் வரத் தொடங்கும். அதில் ஒன்று: இரண்டு பேர், மூன்று இரவு, பெயர்கள் சாம், அலெக்ஸ். விடுதிக்காரர் பதில் எழுத உட்காருகிறார். முதல் சொல்லிலேயே கை நிற்கிறது. சேர் என்று போடுவதா, மெடம் என்று போடுவதா? வருகிறவர்கள் கணவன் மனைவியா, இரண்டு கூட்டாளிமாரா, அக்காவும் தங்கச்சியுமா? அந்த இரண்டு பெயர்களும் அதைச் சொல்லாது. சொல்லாமலிருப்பதுதான் அவற்றின் இயல்பு.

ஏன் சொல்லாது என்று விளங்கிக்கொள்ள இங்கிலாந்துக்குப் போகத் தேவையில்லை. நம் ஒழுங்கையில் உள்ள விஜியை எடுத்துக்கொள்ளுங்கள். விஜயகுமாரும் விஜி, விஜயலட்சுமியும் விஜி, விஜிதரனும் விஜிதாவும் விஜிதான். துஷ்யந்தன், துஷ்யந்தி இரண்டு பேரும் துஷி. சசிகுமாரும் சசிகலாவும் சசி. யோகராசாவும் யோகேஸ்வரியும் யோகா, பாலச்சந்திரனும் பாலேஸ்வரியும் பாலா. தமிழ்ப் பெயரில் ஆண் பெண் வித்தியாசம் பெரும்பாலும் வாலில்தான் இருக்கிறது. ‘அன்’ வந்தால் ஆண். ‘இ’, ‘ஆ’, ‘ராணி’, ‘ஈஸ்வரி’ வந்தால் பெண். கூப்பிட வசதியாக வாலை வெட்டிவிடுகிறோம். வாலோடு பாலும் போய்விடுகிறது. கிண்ணியாவிலும் மூதூரிலும் நூர் என்று ஒருவரைச் சொன்னால் அது நூர் முகம்மதுவாகவும் இருக்கலாம், நூர் ஜஹானாகவும் இருக்கலாம்.

ஆங்கிலத்திலும் இதே வேலைதான் நடக்கிறது. சாமுவேல், சமந்தா என்ற இரண்டிலும் தலையை வைத்துக்கொண்டு மீதியைத் தள்ளினால் சாம். அலெக்சாண்டர், அலெக்சாண்ட்ரா இரண்டும் அலெக்ஸ். கிறிஸ்டோபரும் கிறிஸ்டினும் கிறிஸ். பற்றிக்கும் பற்றீசியாவும் பற். விக்டரும் விக்டோரியாவும் விக். மெல்வினும் மெலனியும் மெல். சில பெயர்களில் தலை போய் நடுத்துண்டு மிஞ்சும்: அலெக்சாண்டர், அலெக்சாண்ட்ரா இருவருக்குமே சாண்டி என்ற பெயரும் உண்டு. சில சுருக்கங்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்த உடனே பிடிபடாது. கிட் என்பவர் கிறிஸ்டோபராக இருக்கலாம், கத்தரினாகவும் இருக்கலாம். ரொனி என்பவர் ரொனால்ட், அல்லது வெரோனிக்கா. பேர்னி என்பவர் பேர்னாட், இல்லையென்றால் பேர்னடெட்.

ஆங்கிலேயர் எழுத்துக்கூட்டலில் ஒரு சின்னக் குறிப்பு வைத்திருக்கிறார்கள். ஜோசப்பின் சுருக்கமான ஜோ, ஜே, ஓ, ஈ என்று மூன்று எழுத்து. ஜோசபின் அல்லது ஜோஅன்னாவின் சுருக்கமான ஜோவுக்குக் கடைசி ஈ இல்லை, இரண்டே எழுத்து. கடைசியில் ‘வை’ போட்டால் ஆண் என்றும் ‘ஐ’ போட்டால் பெண் என்றும் பல பெயர்களில் ஒரு வழக்கம் உண்டு: டோனி, டெரி, டானி, பொபி எல்லாம் அப்படி. கிரிக்கெட் வர்ணனை கேட்பவர்களுக்கு டானி மொரிசனைத் தெரியும்; அவர் டானியல். இங்கிலாந்துப் பெண்கள் அணியின் டானி வயட், டானியல் என்பதன் பெண் வடிவத்தைச் சுருக்கியவர், ‘ஐ’யில் முடிப்பவர். பிரான்சிஸ் என்ற முழுப்பெயரே இப்படித்தான். கடைசி உயிரெழுத்து ‘ஐ’ என்றால் ஆண், ‘ஈ’ என்றால் பெண். வாயால் சொன்னால் இரண்டும் ஒன்றுதான். தமிழில் எழுதும்போது இந்தக் குறிப்பு முழுதாக அழிந்துவிடும். நமக்கு ஜோ என்றால் ஜோதான், டானி என்றால் டானிதான். ஆங்கிலக் கடிதத்தைத் தமிழில் குறித்துவைத்துக்கொண்டு பிறகு பதில் எழுதுகிற அலுவலகங்களில் இதனால் தவறு வரும். பெயரை மட்டுமாவது வந்தபடியே பார்த்து எழுத வேண்டும்.

ஆனால் அந்த வழக்கத்தைச் சட்டமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சாம், அலெக்ஸ், சார்லி, கிறிஸ் போன்றவற்றுக்கு எழுத்திலும் வித்தியாசம் கிடையாது. சென்னை அணிக்கு விளையாடிய சாம் கரன் சாமுவேல். இங்கிலாந்துப் பெண்கள் அணியின் சுழற்பந்து வீச்சாளர் சார்லி டீன், சார்லொட். அவுஸ்திரேலிய விக்கெட் காப்பாளர் அலெக்ஸ் கேரி ஆண். இங்கிலாந்துக்கு ஆடிய அலெக்ஸ் ஹார்ட்லி பெண். ஸ்கோர் அட்டையில் பெயரை மட்டும் பார்த்து யாரும் சொல்ல முடியாது.

இதுவரை தமிழும் ஆங்கிலமும் ஒரே பாதை. பிரிகிற இடம் எது என்றால், அந்தச் சுருக்கப் பெயர் எங்கே வரைக்கும் போகலாம் என்பதில். நம் விஜி வீட்டிலும் ஒழுங்கையிலும் கூட்டாளிமாரிடமும் விஜி. கச்சேரியில், பாடசாலை இடாப்பில், வங்கியில், கலியாண அட்டையில் அவர் விஜயலட்சுமி. அலுவலகக் கடிதத்தில் ‘விஜி’ என்று கையெழுத்துப் போட்டால் மேலதிகாரி கூப்பிட்டு விசாரிப்பார். ஆங்கிலம் பேசும் நாடுகளில் அந்த வேலி இல்லை. அங்கே சாம் வீட்டிலும் சாம், வைத்தியசாலையில் டொக்டராக இருந்தாலும் சாம், பெரிய நிறுவனத்துக்குத் தலைவராக இருந்தாலும் சாம். புத்தக அட்டையிலும் தேர்தல் சுவரொட்டியிலும் அதே சுருக்கம். பிறப்புப் பதிவிலேயே முழுப்பெயராகச் சார்லி, மெக்ஸ் என்று வைத்துவிடுகிறவர்களும் இன்று நிறையப் பேர். ஆகவே அங்கிருந்து வரும் கடிதத்தில் ‘அலெக்ஸ்’ என்று மட்டும் இருந்தால் அது அளவுக்கு மீறிய உரிமையும் அல்ல, விளையாட்டுத்தனமும் அல்ல. அதுதான் அவருடைய வேலைப் பெயர்.

இன்னொன்றும் உண்டு. நம் நாட்டில் பெயர் மறைத்தாலும் இலக்கம் மறைக்காது. தேசிய அடையாள அட்டை இலக்கத்தில் பிறந்த ஆண்டுக்கு அடுத்து வரும் மூன்று இலக்கங்கள், அந்த ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தீர்கள் என்பதைக் காட்டுபவை. பெண்ணாக இருந்தால் அதோடு 500ஐக் கூட்டிவிடுவார்கள். பெப்ரவரி 1 அன்று பிறந்த ஆண் விஜிக்கு 032, அதே நாளில் பிறந்த பெண் விஜிக்கு 532. பழைய ஒன்பது இலக்க அட்டையிலும் இப்போதைய பன்னிரண்டு இலக்க அட்டையிலும் இதே கணக்குத்தான். அட்டையை வாங்கிப் பார்க்கும் எழுதுவினைஞருக்கு விஜி யார் என்று கேட்க வேண்டிய தேவையே இல்லை.

வால் எல்லா மொழிக்கும் ஒன்றல்ல என்பதைத் திருகோணமலையில் இருப்பவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்று சமூகங்களும் ஒரே பஸ்சில் போகிற மாவட்டம் இது. ‘ஆ’ ஓசையில் முடிந்தால் பெண் என்பது ஆங்கிலேயர் காதில் ஊறிய கணக்கு: மரியா, அன்னா, ஒலிவியா. சிங்களத்தில் அரவிந்த, மஹேல, சமிந்த எல்லோரும் ஆண்கள். இதில் உச்சம் சமந்த. சிங்களவரிடம் அது முழுக்க ஆண் பெயர். இப்போதைய பெருந்தோட்ட அமைச்சர் சமந்த வித்யாரத்ன. ஆங்கிலத்தில் எழுதினால் அவருடைய பெயருக்கும் நடிகை சமந்தாவின் பெயருக்கும் ஓர் எழுத்து வேறுபாடு இல்லை. தமிழில் ஒரு துணைக்கால் காப்பாற்றுகிறது. லண்டனில் இருக்கும் ஒருவர் இலங்கை அலுவலகத்துச் சமந்தவுக்குக் கடிதம் எழுதினால் தயக்கமில்லாமல் பெண்ணுக்குரிய மரியாதைச் சொல்லைப் போட்டுத்தான் அனுப்புவார். கீர்த்தி என்றால் தமிழ்நாட்டில் இன்று பெண் பெயர். கண்டியை ஆண்ட கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் அரசன். நம் ரவியும் முரளியும் ‘ஐ’யில் முடிவதால் ஆங்கிலேயர் சிலர் பெண் என்று நினைக்கிறார்கள். அலெக்ஸை ஆண் என்று நாம் முடிவுகட்டுவதும் ரவியைப் பெண் என்று அவர்கள் முடிவுகட்டுவதும் ஒரே தவறுதான்.

திருகோணமலைத் துறைமுகத்துக்கு இந்த விடயத்தில் சொந்தமாக ஒரு பங்கு உண்டு. 1957 வரை இங்கே பிரித்தானியக் கடற்படை இருந்தது. அந்தக் கடற்படையில் பட்டப்பெயர் ஆளைப் பார்த்து வைப்பதில்லை, குடும்பப் பெயரைப் பார்த்து வைப்பது. மில்லர் என்று யார் வந்தாலும் அவர் ‘டஸ்டி’: மாவரைப்பவன் உடம்பில் மாத்தூசி இருக்கும் அல்லவா? வைட் என்றால் ‘சோக்கி’, சோக்குக்கட்டி வெள்ளை என்பதால். கிளார்க் என்றால் ‘நொபி’. கிரே என்று ஒருவர் வந்தால் அவர் எவ்வளவு பெரிய மீசைக்காரராக இருந்தாலும் ‘டொலி’. பழைய போர்க்காலப் பாட்டொன்றில் வந்த டொலி கிரே என்ற பெண்ணின் பெயர் அது. குடும்பப் பெயருக்கு ஆண் பெண் இல்லாததால் அதிலிருந்து பிறக்கும் பட்டப்பெயருக்கும் இல்லை. பெண்கள் துணைப்படையாகத் தனியே இருந்த பிரிவு 1993இல் கடற்படையோடு சேர்க்கப்பட்டது. பட்டப்பெயர் வைக்கும் அந்த வழக்கத்துக்கு அதனால் ஒரு திருத்தமும் தேவைப்படவில்லை. வாலை வெட்டிப் பால் மறைவது ஒரு வழி; பாலே இல்லாத இடத்திலிருந்து பெயரை எடுப்பது இன்னொரு வழி.

அதே கடற்படை விட்டுப்போன இன்னொரு தடயம் எஸ்பிளனேட் பக்கத்துப் பழைய கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. ரியர் அட்மிரல் சார்லஸ் ஒஸ்டின், 1852 ஒக்டோபரில் பர்மாப் போரின் நடுவே வாந்திபேதியால் இறந்தவர், இங்கே புதைக்கப்பட்டிருக்கிறார். நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் தம்பி. அவர் காலத்தில் சார்லி என்றால் சார்லஸ்தான், சந்தேகமே கிடையாது. இன்று சார்லொட்டும் சார்லி. சார்லொட் என்பதே சார்லஸ் குடும்பத்துப் பெண் வடிவம்தான் என்பதால், சுருக்கும்போது பிறந்த வீட்டுக்கே திரும்பி வருவது போல அது வந்து சேர்ந்துவிடுகிறது.

அக்கா ஜேன் ஒஸ்டின் தன் முதல் நாவலில் பெயர் போடாமல் ‘ஒரு சீமாட்டி எழுதியது’ என்று மட்டும் அச்சிட்டார். பெயரை மறைத்தார், பெண் என்பதை மறைக்கவில்லை. அடுத்த தலைமுறை வேறு விதம். சார்லொட், எமிலி, ஆன் என்ற பிரொண்டே சகோதரிகள் 1846இல் தங்கள் கவிதைத் தொகுதியைக் கரர், எலிஸ், அக்டன் பெல் என்ற பெயர்களில் வெளியிட்டார்கள். முதலெழுத்து மாறாமல், ஆணா பெண்ணா என்று தீர்மானிக்க முடியாத பெயர்களாகத் தேடி எடுத்தவை. பெண் எழுத்து என்றால் விமர்சகர்கள் வேறு கண்ணால் பார்ப்பார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். தமிழில் இது தலைகீழாகவும் நடந்திருக்கிறது: ரங்கராஜன் என்ற ஆண் மனைவியின் பெயரான சுஜாதாவை வைத்துக்கொண்டு எழுதிப் புகழ்பெற்றார்.

சார்லொட் பிரொண்டே 1849இல் எழுதிய நாவல் ‘ஷேர்லி’. அதுவரை ஷேர்லி ஆண் பெயர். கதையில் ஆண் பிள்ளையை எதிர்பார்த்திருந்த பெற்றோர், பிறந்த பெண்ணுக்கு அந்தப் பெயரை வைக்கிறார்கள். நாவல் வந்த பிறகு அந்தப் பெயர் பெண்கள் பக்கம் போய்விட்டது, திரும்பவில்லை. லெஸ்லி, பெவர்லி, ஆஷ்லி என்று அந்த வழியில் போனவை பல. இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆண் பெயரைப் பெண்ணுக்கு வைப்பது எளிதாக நடக்கிறது. பெண்கள் நிறைய வைத்துக்கொண்டால் ஆண் பிள்ளைக்கு அதை வைக்கப் பெற்றோர் தயங்குகிறார்கள். எதிர்த்திசையில் பெண் பெயர் ஆண்களுக்குப் போனது மிக அருமை. இருபாலுக்கும் பொது என்று சொல்லப்படும் பெயர்ப் பட்டியலில் பெரும்பாலானவை ஆண் வீட்டிலிருந்து வந்தவை என்பதற்கு மொழி காரணமல்ல. மகளுக்கு ‘ராசா’ என்று செல்லம் பொழிகிற தாய்மார் நம் பக்கத்தில் உண்டு. மகனை ராசாத்தி என்று கூப்பிடுகிற தாயை நான் கண்டதில்லை.

பெயர் கடந்துபோகிற நடுக்காலத்தில் வேடிக்கையும் நடக்கும். எழுத்தாளர் ஈவ்லின் வோ 1928இல் மணந்த பெண்ணின் பெயரும் ஈவ்லின். கூட்டாளிமார் ஆண் ஈவ்லின், பெண் ஈவ்லின் என்று சொல்லிச் சமாளித்தார்கள்.

சிலர் வேண்டுமென்றே சுருக்கத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். ‘சின்னஞ்சிறு பெண்கள்’ என்று தமிழில் சொல்லக்கூடிய அமெரிக்க நாவலில், 1868இல், ஜோசபின் என்ற பெண் தன்னை ஜோ என்றுதான் கூப்பிடச் சொல்கிறாள். எனிட் பிளைட்டனின் ஐவர் கதைகளில் ஜோர்ஜினா என்ற சிறுமி ஜோர்ஜ் என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பாள். முதல் கதை வந்தது 1942இல், ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்ட அதே ஆண்டு. நூலகத்தில் அந்தப் புத்தகங்களைப் படித்து வளர்ந்த நம் ஊர்ப் பெண்கள் பலருக்கு ஜோர்ஜ் முதல் சிநேகிதி. இன்று, ஆண் பெண் என்ற இரண்டில் எதிலும் தங்களை அடைக்க விரும்பாதவர்கள் அலெக்ஸ், சாம் போன்ற பெயர்களைத் தேர்ந்தெடுப்பதும் உண்டு. வேலை விண்ணப்பத்தில் பாகுபாட்டுக்குப் பயந்து சுருக்கத்தைப் போடுகிற பெண்களும் உண்டு. பெரும்பாலோருக்கு ஒரு காரணமும் இல்லை. சின்ன வயதிலிருந்து அப்படித்தான் கூப்பிட்டார்கள், அவ்வளவுதான்.

சரி, பெயர் மறைத்தாயிற்று. அடுத்த வசனத்தில் ஆங்கிலம் மாட்டிவிடும். ‘சாம் நாளைக்கு வருகிறார், ... அறைக்குச் சாவி கொடுங்கள்’ என்று எழுத அந்த மொழியில் ‘அவனுடைய’ அல்லது ‘அவளுடைய’ என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் வழி ‘தே’. பலருக்குச் சொல்லும் ‘அவர்கள்’ என்ற சொல்லை ஒருவருக்கும் சொல்வது. புதுப் பாணி என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள், ஆனால் பல நூற்றாண்டு வழக்கு அது. ஜேன் ஒஸ்டின் தன் நாவல்களில் தாராளமாக எழுதியிருக்கிறார். பாடசாலையில் நமக்கு அதைப் பிழை என்று சொல்லித் தந்திருக்கலாம். இப்போது அகராதிகள் ஏற்றுக்கொண்ட வழக்கு. ஆள் யாரென்று தெரியாத இடத்தில் தயங்காமல் எழுதலாம்.

எழுத்துத் தமிழுக்கு இந்தத் தொல்லை இல்லை. ‘விஜி வந்தார், அவருடைய பையை வைத்தார்’ என்றால் ஆணுக்கும் சரி, பெண்ணுக்கும் சரி. ஆனால் இலங்கைப் பேச்சில் அப்படியல்ல. இங்கே ‘அவர்’ என்று வாயால் சொன்னால் ஆண். மரியாதையான பெண்ணுக்கு ‘அவ’. ‘விஜி வந்திட்டார்’ என்றால் ஒருவர், ‘விஜி வந்திட்டா’ என்றால் வேறொருவர். பத்திரிகையில் மறைந்த பால் தேத்தண்ணிக் கடையில் வெளிப்பட்டுவிடும். நிலாவெளிப் பக்கத்துப் பல்கலைக்கழக வளாகத்தில் பிள்ளைகள் ‘மச்சான்’ என்று கூப்பிடுவதைக் கேட்டால் வேறு கதை. சிங்களவரும் தமிழரும் பங்குபோட்டுக்கொண்ட அந்தச் சொல்லை இப்போது பெண் பிள்ளைகள் தங்களுக்குள்ளேயே போட்டுக்கொள்கிறார்கள்.

கடிதம் எழுதுகிறவர்களுக்குச் சில விடயங்கள். தெரியாத ஆளுக்கு முழுப்பெயரையே போட்டு எழுதுவது இன்று ஆங்கிலத்தில் ஒழுங்கான மரியாதை: ‘அன்புள்ள அலெக்ஸ் டெய்லர்’ என்ற மாதிரி. சேர், மெடம் இரண்டையும் ஊகித்து ஒன்றைப் போடுவதைவிட அது நல்லது. நம்மவர் விட்டுவிட முடியாத பழக்கம் ‘மிஸ்டர் சாம்’. ஆங்கிலத்தில் மிஸ்டர், மிஸ் எல்லாம் குடும்பப் பெயருக்கு முன்னால்தான் வரும்; சுருக்கப் பெயருக்கு முன்னால் போட்டால் வேடிக்கையாகப் படும், ஆளும் பெண்ணாக இருந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். சாமுவேல் என்று கையெழுத்துப் போட்டவரை நாமாகச் சாம் ஆக்கக் கூடாது. அவரே அடுத்த கடிதத்தில் ‘சாம்’ என்று முடித்தால், அப்படியே கூப்பிடலாம் என்பதற்கு அதுதான் அனுமதி. படகுக்கு உயிர்காப்பு அங்கி அளவு வேண்டுமா, அறையில் ஒரு கட்டிலா இரண்டா என்று தெரிய வேண்டுமா, அந்தத் தகவலை நேராகக் கேளுங்கள். ஆணா பெண்ணா என்பது அதற்குத் தேவைப்படாது.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. விஜி, துஷி, சசி என்று வெளிநாட்டுக்கு மின்னஞ்சல் அனுப்புகிற நம்மவரைப் பற்றி அங்கே ஒருவர் இதே போல யோசித்துக்கொண்டிருப்பார், அதுவும் தமிழ் வால் தெரியாமல். தெரிய வேண்டும் என்று நினைத்தால் கையெழுத்தின் கீழே மிஸ்டர் அல்லது மிஸ் என்று சேர்த்துப் போடலாம். பலர் இப்போது அப்படிச் செய்கிறார்கள். தெரிய வேண்டாம் என்றால் விஜி என்று மட்டும் போட்டுவிட்டு இருக்கலாம்.